யாருக்கு ஆயுசு கெட்டி, ஆணுக்கா பெண்ணுக்கா? பயறு வண்டை வைத்து எண்ணிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சிறுபயறு டப்பாவைத் திறந்தால் உள்ளே வண்டு ஓடும். "ஏட்டி, பயத்துல வண்டு விழுந்துட்டு, சுளகுல கொட்டி வெயில்ல வை" என்று ஒரு குரல் கேட்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் தைக்குப் பிறகு இது நடக்காத வீடு குறைவு. அந்த வண்டை வெயிலுக்கு அனுப்பும் முன் அதை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். பூச்சிகளில் ஆண் அதிக நாள் வாழுமா, பெண் அதிக நாள் வாழுமா என்ற கேள்விக்கு ஏழெட்டு வாரத்தில் உங்கள் கையாலேயே விடை எடுக்கலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கும் கல்லூரி விலங்கியல் செயல்திட்டத்துக்கும் இது போதும்.

பயறு வண்டைத் தேர்ந்தெடுக்க முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வளர்ந்த வண்டுக்குச் சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். புழுவாகப் பயறுக்குள் இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்தே மொத்த வாழ்நாளையும் ஓட்டிவிடும். கொசுவையோ பழ ஈயையோ வளர்த்தால் உணவு கெட்டதால் செத்ததா, வயதாகிச் செத்ததா என்ற சந்தேகம் கடைசிவரை இருக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வெளிவந்த வண்டு சுமார் ஒன்று முதல் இரண்டு வாரம் இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் கேள்வியைச் சரிசெய்யுங்கள்

"ஆணா பெண்ணா" என்று மொட்டையாகக் கேட்டால் பூச்சி உலகத்தில் விடை கிடைக்காது. எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம், இணைசேர்ந்ததா சேராததா, முட்டையிட்டதா இல்லையா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பப்பாளி இலையின் அடியில் அப்பியிருக்கும் மாவுப்பூச்சியைப் பாருங்கள். வெள்ளையாக மாவு பூசிக்கொண்டு சாறு உறிஞ்சுவதெல்லாம் பெண்ணும் குஞ்சுகளும். ஆணுக்கு வளர்ந்தபின் சிறகு உண்டு, வாய் கிடையாது. ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். ஆனால் முட்டையிலிருந்து எண்ணினால் அந்த ஆணும் சில வாரம் வாழ்ந்ததுதான். ஆகவே "ஆண் ஒரு நாள்தான் வாழும்" என்பது பாதி உண்மை. தேனீயில் ராணி ஆண்டுக்கணக்கில் வாழும். ஆண் தேனீக்குச் சில வாரம்தான். இணைசேர்ந்தால் அந்த நொடியே சாவு. ஆனால் பெண்ணான வேலைக்காரத் தேனீயும் சுறுசுறுப்பான காலத்தில் ஐந்தாறு வாரமே இருக்கும். ஆக அங்கே ஆயுசைத் தீர்மானிப்பது பெண் என்பது மட்டுமல்ல, ராணி என்பதும்தான்.

ஈசலைப் பற்றி ஊரில் சொல்வது "ஒரு நாள் ஆயுசு". மழைக்குப்பின் விளக்கடியில் குவியும் ஈசலில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் தவளைக்கும் போய்விடும். தப்பிப் பிழைத்துச் சிறகை உதிர்த்து ஜோடியாக மண்ணுக்குள் போனவை ராஜா ராணியாகப் பல ஆண்டு வாழும். எறும்பில் ஆண் பறந்து இணைசேர்ந்ததும் செத்துப்போகும்; கறையானில் ராஜா ராணியோடு கூடவே இருக்கும்.

ஆகவே நாம் கேட்கப்போகும் கேள்வி இது: பயறிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து எண்ணினால், சேராத ஆண், சேராத பெண், சேர்ந்த ஆண், சேர்ந்து முட்டையிட்ட பெண் ஆகிய நான்கும் எத்தனை நாள் வாழ்கின்றன?

எப்போது தொடங்குவது

தை, மாசியில் தொடங்குவது நல்லது. கரிசல் காட்டுப் பயறு அப்போதுதான் வீட்டுக்கு வரும், மழையும் ஓய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் பயறில் பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசியில் அறைச் சூடே 35 டிகிரியைத் தாண்டும்; வண்டு சீக்கிரம் வளரும், சீக்கிரம் சாகும், முட்டைகளில் பொரியாதவையும் கூடும். பூச்சியின் உடல் சூட்டுக்கு ஏற்ப ஓடும் கடிகாரம். பாளையங்கோட்டையில் மே மாதம் எண்ணியதையும் குற்றாலத்தில் சாரல் நேரத்தில் எண்ணியதையும் ஒப்பிட்டால் அது ஆண்-பெண் வித்தியாசம் அல்ல, ஊர் வித்தியாசம். எல்லாக் குப்பியும் ஒரே அறையில், ஒரே தட்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெப்பமானி வைத்துக் காலையும் மாலையும் குறியுங்கள். 27 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் வசதி.

என்னென்ன வேண்டும்

தட்டாம்பயறு அரைக் கிலோ. சிறுபயறும் ஆகும், தட்டாம்பயறு பெரிது, முட்டையை எண்ண எளிது. உளுந்தையும் காணம் என்கிற கொள்ளையும் இந்த வேலைக்குத் தவிர்த்துவிடுங்கள், கறுப்பு மேலும் பழுப்பு மேலும் தேடித் தேடிக் கண் வலிக்கும். விதைக்கென்று மருந்து கலந்து விற்கும் பயறு கூடவே கூடாது. செம்மண் கட்டிய பயறும் வேண்டாம். வண்டு விழாமலிருக்கத்தானே மண் கட்டுகிறோம்.

30 மில்லி பிளாஸ்டிக் குப்பி 125, மூடியில் ஊசியால் நாலைந்து துளை போட்டது. ஹோமியோபதி மருந்துக் கடையில் கேட்டால் சிறிய குப்பிகள் மொத்தமாகக் கிடைக்கும். பயறை ஒற்றை ஒற்றையாக வைக்க இன்னும் சிறிய குப்பி 200. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். 0 அல்லது 1-ஆம் எண் ஓவியத் தூரிகை. பெரிய தட்டு ஒன்று, அதில் தண்ணீர் ஊற்றி நடுவே குப்பித் தட்டை உயர்த்தி வைக்க நாலு கிண்ணம். இந்தத் தண்ணீர் அகழி இல்லாவிட்டால் எறும்பு இரண்டே நாளில் உங்கள் சோதனையைச் சாப்பிட்டு முடித்துவிடும்.

பயறைச் சுத்தப்படுத்துதல்

கடைப்பயறில் ஏற்கெனவே முட்டையோ புழுவோ இருக்கும். பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் ஏழு நாள் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காதீர்கள். ஒரு பகல் அப்படியே கிடக்கட்டும், அறைச் சூட்டுக்கு வரட்டும். குளிர்ந்த பயறை உடனே திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்து நிற்கும். அந்த ஈரம் போதும், பூஞ்சை வர. பலருக்குப் பயறு கெட்டுப்போவது இந்த ஒரு அவசரத்தால்தான்.

முட்டையிட வைத்தல்

வண்டு விழுந்த பயறு எந்த வீட்டிலும், எந்தப் பலசரக்குக் கடையின் அடிமூட்டையிலும் கிடைக்கும். ஓடும் வண்டில் 30 எடுத்து, 250 கிராம் சுத்தப் பயறோடு ஒரு வாயகன்ற பாட்டிலில் போட்டு மெல்லிய துணியால் கட்டுங்கள். ஒரே நாள், 24 மணி நேரம் போதும். வண்டுகளை நீக்கிவிடுங்கள். கூடுதல் நாள் விட்டால் ஒரே பயறில் நாலைந்து முட்டை விழும். உள்ளே புழுக்கள் இரைக்கு அடித்துக்கொள்ளும், வெளிவரும் வண்டு சிறுத்துப் போகும், சிறுத்தது சீக்கிரம் சாகும். அப்புறம் ஆண்-பெண் வித்தியாசத்தை எங்கே தேடுவது?

முட்டை எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை லென்ஸில் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கடுகைவிடச் சிறிய நீள்வட்டம், ஒட்டுப்போட்டதுபோலப் பயறின் தோலில் பதிந்திருக்கும். முதல் நாளில் கண்ணாடி மாதிரி மினுங்கும், ஊடே பயறின் தோல் தெரியும். ஐந்தாறு நாளில் அது சுண்ணாம்பு வெள்ளையாக மாறும். குஞ்சுப்புழு முட்டையின் அடிப்பக்கத்திலிருந்தே நேராகப் பயறைத் துளைத்து உள்ளே போகிறது. துளைக்கும்போது வரும் தூளைப் பின்னால் தள்ளித் தள்ளி வெறும் முட்டைத்தோட்டை நிரப்புகிறது. அந்த மாவுதான் வெள்ளை. பத்து நாளாகியும் கண்ணாடியாகவே நிற்பது பொரியாத முட்டை.

எட்டாம் நாள் உட்கார்ந்து, ஒரே ஒரு வெள்ளை முட்டை உள்ள பயறாகப் பார்த்து 200 பொறுக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு குப்பியில் போட்டு எண் ஒட்டுங்கள். எல்லாவற்றிலிருந்தும் வண்டு வராது. வருவதில் ஏறத்தாழப் பாதி ஆண், பாதி பெண். அதனால்தான் 200.

தனித்தனியாகப் பிரிப்பதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். இந்த வண்டு வெளியே வந்த சில மணி நேரத்துக்குள்ளேயே இணைசேரும். ஒரே பாட்டிலில் பத்து வண்டு பிறந்தால் "சேராத பெண்" என்று ஒன்றுகூட உங்களுக்குக் கிடைக்காது, கிடைத்ததாக நினைத்து எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

ஜன்னல்

மூன்றாம் வாரத்தில் பயறின் தோலில் வட்டமாக ஒரு கறுத்த புள்ளி தெரியும். புழு தோல்வரை தின்று, மெல்லிய தோலை மட்டும் கதவு மாதிரி விட்டுவைத்திருக்கிறது. அதற்குப் பின்னே கூட்டுப்புழு வண்டாகிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் தெரிந்தபின் காலை, மாலை இருவேளையும் பாருங்கள். முட்டையிட்ட நாளிலிருந்து சுமார் 22 முதல் 30 நாளுக்குள் வண்டு அந்த வட்ட மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்தத் தேதிதான் பூஜ்யம் நாள். ஆண்கள் கொஞ்சம் முந்தி வருவதைக் கவனிப்பீர்கள். அதனால் முதல் இரண்டு நாள் வந்ததையெல்லாம் ஒரு குழுவுக்கும், பிந்தி வந்ததை இன்னொரு குழுவுக்கும் போட்டுவிடாதீர்கள். வர வர, சீட்டுக் குலுக்கிக் குழு பிரியுங்கள்.

ஆணா பெண்ணா: கண்டுபிடிக்கும் முறை

இந்தப் பக்கத்தில் இரண்டு வகை கலந்து வரும். ஒன்று கல்லோசோபுருக்கஸ் மாகுலேட்டஸ், மற்றது கல்லோசோபுருக்கஸ் சைனென்சிஸ். முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். சீப்புப் பல் மாதிரி கிளை விரித்திருந்தால் அது சைனென்சிஸ் ஆண், சந்தேகமே வேண்டாம். அதன் பெண்ணுக்குக் கொம்பில் ரம்பப் பல் மாதிரிச் சிறு மேடுகள் மட்டும்.

மாகுலேட்டஸில் ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். அதற்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும். முன்சிறகு வயிறை முழுவதும் மூடாது; கடைசியில் ஒரு தட்டு வெளியே தெரியும். பெண்ணுக்கு அந்தத் தட்டு பெரிது, நடுவே வெளிர்க்கோடும் இருபுறமும் கறுப்புப் பட்டையும் இருக்கும். ஆணுக்குச் சிறிது, பட்டை இல்லாமல் ஒரே வெளிர்ப்பழுப்பு. குப்பியின் அடிப்பக்கத்தை லென்ஸுக்குக் காட்டி வண்டு நடக்கும்போதே பார்த்துவிடலாம், கையில் பிடிக்க வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து மயக்க வேண்டாம். குளிர் பட்டது சில, படாதது சில என்று ஆகிவிடும். முதல் இருபது வண்டில் தப்பு வரும். இருவர் தனித்தனியாகப் பார்த்து எழுதி, ஒத்துப்போகாததை ஒதுக்குங்கள். ஒரு சோதனைக்கு ஒரே வகையை மட்டும் எடுங்கள்.

குழுக்கள்

ஒவ்வொரு குழுவுக்கும் 25 வண்டு, ஒரு குப்பிக்கு ஒன்று.

அ: சேராத ஆண், பயறு இல்லாமல்.
ஆ: சேராத பெண், பயறு இல்லாமல்.
இ: ஒருமுறை சேர்ந்த ஆண், பயறு இல்லாமல்.
ஈ: ஒருமுறை சேர்ந்த பெண், 40 சுத்தப் பயறோடு.
உ: ஒருமுறை சேர்ந்த பெண், பயறு இல்லாமல்.

கடைசிக் குழுவை வேலைப்பளுவுக்குப் பயந்து பலர் விட்டுவிடுவார்கள். எங்கள் கருத்தில் அதுதான் உயிர்நாடி. ஈ குழுப் பெண் சீக்கிரம் செத்தால், சேர்ந்ததால் செத்ததா, முட்டையிட்டதால் செத்ததா என்பதை உ குழு இல்லாமல் பிரிக்க முடியாது. பயறு கிடைக்காத பெண் பெரும்பாலான முட்டையை வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும், கொஞ்சம் குப்பிச் சுவரில் ஒட்டும்.

எல்லாக் குழுவுக்கும் அதே 30 மில்லி குப்பி. ஒன்றுக்குச் சிறிது, ஒன்றுக்குப் பெரிது என்றால் ஓடியாடிக் களைப்பதிலேயே வித்தியாசம் வந்துவிடும்.

இணைசேர்க்க, ஒரு நாள் வயதான ஆணையும் பெண்ணையும் ஒரே குப்பியில் விட்டுப் பாருங்கள். சில நிமிடத்திலேயே ஆண் ஏறும். சற்று நேரம் கழித்துப் பெண் பின்னங்காலால் ஆணை உதைக்கத் தொடங்கும், விடாமல் உதைக்கும். மாகுலேட்டஸ் ஆணின் உறுப்பில் முட்கள் உண்டு. பெண்ணின் உடலுக்குள் அவை காயப்படுத்துகின்றன. பெண் உதைப்பது அந்தச் சேர்க்கையைச் சீக்கிரம் முடிக்க. பிரிந்ததும் தூரிகையால் வேறு வேறு குப்பிக்கு மாற்றுங்கள். அரைமணி நேரம் சேராத ஜோடியை மறுநாள் வேறு துணையோடு முயலுங்கள்.

தினசரி எண்ணிக்கை

தினமும் ஒரே நேரம், காலை எட்டு என்றால் எட்டு. அசையாத வண்டைச் செத்ததென்று உடனே எழுதிவிடாதீர்கள். இந்த வண்டு தொட்டால் காலை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும், நல்ல நடிகன். தூரிகை நுனியால் மெல்லத் தொட்டு, குப்பியை உள்ளங்கைச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்துக் கொம்போ கால்நுனியோ துடிக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் "ஐயம்" என்று எழுதி மறுநாளும் பாருங்கள். மறுநாளும் அசையாவிட்டால் முந்தைய நாளைச் சாவு நாளாக எழுதுங்கள்.

தப்பியோடியதையும், மூடியில் நசுங்கியதையும் தனியாகக் குறியுங்கள். அவற்றைக் கணக்கிலிருந்து அழிக்கக் கூடாது. "ஒன்பதாம் நாள்வரை உயிரோடு இருந்தது, பிறகு தெரியாது" என்று பதிய வேண்டும்.

எங்கே கெடும்

ஒரே இரவில் எல்லாக் குழுவிலும் கொத்தாகச் சாவு விழுந்தால் வயது காரணமல்ல. அறையில் கொசுவர்த்தி எரிந்ததா, திரவக் கொசுவிரட்டி ஓடியதா, அந்துருண்டை போட்ட அலமாரி பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டுக்குப் பதில் பயறிலிருந்து கறுப்பு எறும்பு மாதிரி மெல்லிய குளவி வெளியே வந்தால் அது ஒட்டுண்ணி. புழுவைத் தின்று வளர்ந்தது. அந்தப் பயறுகளை நீக்கிவிட்டு வேறு மூட்டையிலிருந்து தொடங்குங்கள். சிலருக்கு வண்டுத் தூள் பட்டால் தும்மல், மூச்சிரைப்பு வரும். துணியால் மூக்கை மூடிக்கொள்ளட்டும். பூச்சியைக் கொல்ல நச்சுவாயு விடும் சேமிப்பு மாத்திரை போட்ட மூட்டையிலிருந்து பயறு எடுக்கவே கூடாது. அது வண்டுக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் எமன்.

கணக்கு

சராசரி மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு நாளும் 25-இல் எத்தனை மிச்சம் என்று வரைபடத் தாளில் படிக்கட்டுபோல் வரையுங்கள். இரு கோடுகளும் எங்கே பிரிகின்றன என்பது சராசரியைவிட நிறையப் பேசும்.

வித்தியாசம் தற்செயலா என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். கணக்குக்காக மட்டும் ஏழு ஏழு எடுத்துக்கொள்வோம். ஆண்: 7, 8, 8, 9, 10, 10, 12. கூட்டல் 64, சராசரி 9.14. பெண்: 8, 10, 11, 11, 12, 13, 15. கூட்டல் 80, சராசரி 11.43. இந்தப் பதினான்கு எண்களையும் பதினான்கு சீட்டில் எழுதி, ஒரு பாத்திரத்தில் குலுக்கி ஏழை எடுத்துக் கூட்டுங்கள். கூட்டல் 64 அல்லது அதற்குக் கீழே, இல்லை 80 அல்லது அதற்கு மேலே வந்தால் ஒரு கோடு போடுங்கள். நூறு முறை செய்யுங்கள். கோடு ஐந்துக்குள் நின்றால் உங்கள் வித்தியாசத்தை நம்பலாம். இருபது கோடு விழுந்தால் அது வெறும் சீட்டு விளையாட்டு. தப்பிப்போன வண்டுகளை இந்தக் குலுக்கலில் சேர்க்க வேண்டாம், படிக்கட்டு வரைபடத்தில் மட்டும் குறித்தால் போதும்.

என்ன வரக்கூடும், ஏன்

சேராதவற்றில் பெரும்பாலும் பெண் முந்தும். முட்டையிட்ட பெண்ணில் அந்த முன்னிலை கரையும். ஆணுக்குச் சமமாகவோ கீழாகவோ போவதும் உண்டு. சாப்பிடாத உடம்பு, முட்டைக்குப் போகும் ஒவ்வொரு துளிக் கொழுப்பும் நீரும் தன் இருப்பிலிருந்துதான் போக வேண்டும். பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து இன்னொரு குழு நடத்திப் பார்த்தால் ஆயுசு நீள்வது தெரியும்.

இதற்கு அடியில் இன்னொரு விஷயமும் ஓடுகிறது. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில், இந்த வண்டில் ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒற்றை எக்ஸில் பழுதான மரபணு இருந்தால் ஆணுக்கு மாற்று இல்லை. வண்ணத்துப்பூச்சியிலும் அந்துப்பூச்சியிலும் இது தலைகீழ்: வேறுபட்ட ஜோடி பெண்ணிடம். 2020-இல் 229 உயிரினங்களின் ஆயுளைத் தொகுத்த ஆய்வொன்றில், ஒரேமாதிரி ஜோடி உள்ள பாலினம் சராசரியாக 17.6 விழுக்காடு அதிகம் வாழ்ந்தது. ஆனால் பெண்ணுக்கு அந்த ஜோடி உள்ள இனங்களில் வித்தியாசம் 20.9 விழுக்காடு, ஆணுக்கு அது உள்ள இனங்களில் 7.1 மட்டுமே. அதாவது குரோமோசோம் மட்டும் முழுக் காரணமல்ல. செல்லுக்கு ஆற்றல் தரும், தாய்வழியாக மட்டுமே போகும் மைட்டோகாண்டிரியாவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆணுக்கு மட்டும் கெடுதல் செய்யும் மாற்றம் அதில் வந்தால், ஆண் அதைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை என்பதால், இயற்கைத் தேர்வு அதைக் களைய வழியில்லை.

உங்கள் எண்கள் இதற்கு மாறாக வந்தால் திருத்தி எழுத வேண்டாம். முதலில் ஆண்-பெண் பிரித்த குறிப்பைப் பாருங்கள், பிறகு வெப்பக் குறிப்பை. இரண்டும் சரியென்றால் வந்ததை வந்தபடியே எழுதுங்கள்.

முடிந்ததும் எல்லாப் பயறையும் வண்டையும் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் போட்டுவிட்டுப் பிறகு உரக்குழியில் கொட்டுங்கள். உயிரோடு தோட்டத்தில் கொட்டினால் அடுத்த வீட்டுத் தானியக் குலுக்கைக்குள் போய்ச் சேர அதற்கு அதிக நேரம் ஆகாது.